ஹாரனை மட்டும் சரிசெய்தவனுக்கு

சவரிமுத்துவின் நெஞ்செலும்பை உடைத்தவன் நீ, சேவியர். ரெட்டியார்சத்திரம் தாண்டி ரோட்டோரம் நின்றிருந்த லாரி அதை உடைக்கவில்லை. குறுக்கே மொபெட்டைத் திருப்பிய பால்காரர் உடைக்கவில்லை. டிரைவர் தூங்கிவிட்டான் என்று மண்டி மண்டியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாயே, அந்தத் தூக்கமும் உடைக்கவில்லை. அப்படி ஒரு தூக்கம் அன்றைக்கு அந்தக் காருக்குள் இல்லவே இல்லை. பின்சீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான், உன்னைப் பெற்றவள். எனக்குக் காது கேட்கிறது, கண் தெரிகிறது, புத்தி பிசகவில்லை. உன்னிடம் இதைச் சொல்லும் தகுதி இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லாததால் நான் சொல்கிறேன். ஒட்டிய கவரில் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அதனால் இதைக் கவரில் போடப்போவதில்லை. யார் கைக்குப் போகிறதோ அவர்கள் படிக்கட்டும். ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் மண்டி வைத்திருக்கிறாய். அங்கே காய்கறி மூட்டையோடு பேச்சும் லாரி ஏறுகிறது. உன் பொய் இந்நேரம் பாலக்காடு போய்ச் சேர்ந்திருக்கும். இந்தக் கடிதமும் அதே லாரியில் போகட்டும்.

முந்தாநாள் உன் மண்டிக் கணக்குப்பிள்ளை திண்டுக்கல் நாகல் நகரில் நான் தனியாக இருக்கும் வீட்டுக்கு என்னைத் தேடி வந்தார். "சிஸ்டரம்மா, வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல புதுக் கார மந்திரிக்கிறாங்க. மொதலாளி உங்கள முன்னால வந்து நிக்கச் சொன்னாரு. இந்தக் கார்ல முன்னால ரெண்டு பக்கமும் பலூன் இருக்காம்மா" என்றார். யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டேன். புது டிரைவர் போட்டாகிவிட்டது, செம்பட்டிக்காரப் பையன் என்றார். அவன் பெயர் என்ன என்றேன். "தெரியலையேம்மா, டிரைவர்தான்" என்று சிரித்தார். நல்ல மனிதர். பெயர் தெரியாமல் போனதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. உன் மண்டியில் அதற்கு யாரும் சங்கடப்படுவதில்லை. நான் வரவில்லை என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். ஏன் வரவில்லை என்பதை அவரிடம் சொல்ல முடியாது, அவருக்கு வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், உன்னிடம்தான் வேலை. உனக்குச் சொல்கிறேன். நீ பிஸியான ஆள். இருந்தாலும் உட்கார்ந்து படி.

நீ காலேஜில் படித்த காலம், தொண்ணூறுகளின் நடுவில், மத்தியானம் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவாய். நான் அப்போது கேஷுவால்டியில் நர்ஸ். ஒரு நாள் நீ தூக்கை வைத்துவிட்டுத் திரும்புகிற நேரத்தில் ஒரு லாரி டிரைவரைக் கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சரைப் பிடிக்க ஆள் போதாமல் நீயே ஒரு முனையைப் பிடித்தாய். அந்த மனிதருக்கு வெளியே ரத்தமே இல்லை. சட்டைப் பித்தான்கூடத் தெறிக்கவில்லை. சட்டையை விலக்கியபோது நெஞ்சில் வளைவாக ஒரு நீலக் கோடு மட்டும் இருந்தது. "என்னம்மா இது, யாரோ வட்டம் போட்ட மாதிரி?" என்று கேட்டாய். "ஸ்டியரிங்குடா. வண்டி நின்னுரும், ஆளு நிக்க மாட்டான். போய் அதுலதான் மோதுவான்" என்றேன். சாயங்காலத்துக்குள் அவர் போய்விட்டார். அவருடைய மனைவி வந்து, காயமே இல்லையே, காயமே இல்லையே என்று சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததை நீ சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டு நாள் உனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், "நான் கார் வாங்குனா நெஞ்சுக்கு முன்னால தலகாணியக் கட்டிக்கிட்டுத்தாம்மா ஓட்டுவேன்" என்றாய். நான் சிரித்தேன். சிரித்தாலும் மனதுக்குள் நிம்மதியாக இருந்தது. ஒரு வலியைப் பார்த்து இவனுக்குப் பயப்படத் தெரிகிறது, இவன் மனிதனாகிவிடுவான் என்று நினைத்தேன். அந்தப் பயம் உன்னைப் பற்றியது மட்டும்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சொன்னபடியே வாங்கினாய். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ஓட்டிய சின்னக் கார், வாங்கும்போதே பழசு. அதில் மேல் மாடல் கிடைக்கிற வரைக்கும் காத்திருந்தாய், ஏனென்றால் அந்த மாடலில்தான் ஸ்டியரிங்குக்குள் காற்றுப்பை இருந்தது. டிரைவர் பக்கம் மட்டும் ஒன்று. காரைக் கொண்டுவந்த அன்றைக்கு, "தலகாணி உள்ளேயே இருக்கும்மா, நான் கட்ட வேண்டியதில்ல" என்று என் கையைப் பிடித்து ஸ்டியரிங் நடுவில் தொட்டுப் பார்க்க வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் வாசல் வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் விளக்கம் சொன்னாய். மோதினால் கண்ணிமைக்கிறதுக்குள்ளே பலூன் மாதிரி விரிந்து நெஞ்சைத் தாங்கும் என்றாய். சாவியைத் திருப்பினால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து செத்த நேரத்தில் அணையும், அணைந்தால் பை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அணையாமல் எரிந்தால் கோளாறு, அந்தக் கோளாறோடு போய் மோதினால் பை விரியாது என்றெல்லாம் சொன்னாய். இந்த ஊருக்கே அந்த விளக்கைப் பற்றிப் பாடம் எடுத்தவன் நீ. அது என்ன விளக்கு என்று எனக்குத் தெரியாது என்று நீ யாரிடமும் சொல்ல முடியாது.

அடுத்த வருடமே அந்த விளக்கு அணையாமல் எரிந்தது, நினைவிருக்கிறதா? மழைக்காலம். குடையை டிரைவர் சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தாய். அப்போது காரை நீயேதான் ஓட்டிக்கொண்டிருந்தாய். காலையில் விளக்கைப் பார்த்தவன் அன்றைக்குத் தக்காளி ஏலத்தையும் விட்டுவிட்டு நேராக மதுரைக்குப் போனாய். கம்பெனி சர்வீஸ் அங்கேதான் இருந்தது. மெதுவாக, லாரிகளுக்குப் பின்னாலேயே ஓட்டிப் போனதாகச் சொன்னாய். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு இணைப்பு இருக்கிறது, குடை இடித்து அது தளர்ந்திருக்கிறது, அழுத்தி மாட்டியதும் விளக்கு அணைந்துவிட்டது. திரும்பி வந்து, "ஒரு நாள் வியாபாரம் போச்சு, போனாப் போகுது, உயிர்தானம்மா முக்கியம்" என்றாய். உன் நெஞ்சுக்காக ஒரு நாளை விட்டாய். அதைத் தப்பென்று நான் சொல்லவே மாட்டேன். பெற்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பிறகு மண்டி பெருத்தது. கேரளா லோடு கூடியது. காலையில் ஒட்டன்சத்திரம், மத்தியானம் திண்டுக்கல், நடுவில் போன் என்று ஆனபோது சவரிமுத்துவை டிரைவராகப் போட்டாய். உன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், லாரியில் வட நாடு வரைக்கும் போய் வந்தவர். நீ பின்சீட்டில் இடது பக்கம் மாறி உட்கார்ந்தாய். இந்த நாட்டில் முதலாளி ஆனதற்கு வேறு அடையாளம் தேவையில்லை. அவரை 'யோவ் சவரி' என்றாய், அவர் உன்னை 'மொதலாளி' என்றார். நம் கோயிலில் நமக்குப் பின்னால் நின்று நற்கருணை வாங்குகிறவர். காலனிக்காரர் என்பதால் செத்தாலும் கல்லறையில் அவருக்கு வரிசை வேறு. நம் வீட்டில் அவர் டீ குடிக்கும் டம்ளர் வாசல் கேட் தூணின் மேல் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அதை அங்கே வைக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. நம் வீட்டில் யாருக்கும் சொல்லித்தரவும் வேண்டியிருக்கவில்லை. ஞாயிறு தவறாமல் சமாதானம் சொல்லிக் கைகூப்பிவிட்டு வந்து அந்தத் தூணைக் கடந்துதான் நாம் சாப்பிட உட்கார்ந்தோம்.

அவர் வந்து ஒரு வருடம் இருக்கும், விளக்கு மறுபடி எரிந்தது. என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாள் அது. சவரிமுத்துதான் முதலில் பார்த்தார். உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவன் முன்னால் பெரிதாக ஒரு வட்டம், அதுதான் அந்த விளக்கில் இருக்கும் படம். "சிஸ்டரம்மா, வயித்துப்பிள்ளக்காரி சேர்ல ஒக்காந்துருக்க மாதிரி ஒரு லைட்டு எரியுதே, உங்க டிபார்ட்மெண்டா பாருங்க" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். கொஞ்ச தூரம் போவதற்குள் ஹாரனும் அடிக்கவில்லை. அப்போதுதான் உனக்குச் சிரிப்பு நின்றது. "யோவ், ஹாரன் இல்லாம ஒட்டன்சத்திரம் ரோட்டுல எப்பிடிய்யா போறது? லாரிக்காரன் ஒதுங்குவானா?" என்று வழியிலேயே ஒரு எலக்ட்ரீஷியன் கடையில் நிறுத்தச் சொன்னாய்.

அந்த எலக்ட்ரீஷியன் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஸ்டியரிங்குக்கு அடியில சுருளா ஒரு பட்டை இருக்கு சார். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்டு அது வழியாத்தான் போகணும். அது அந்துபோச்சு. பழைய வண்டி, இங்க கெடைக்காது, மெட்ராசுக்குச் சொல்லி எடுக்கணும். வந்து மாட்ட ஒரு வாரம் வண்டிய விடணும். மாட்டுனா ரெண்டும் சேந்து சரியாயிரும்" என்றார். ஒரு வாரம் கார் இல்லாமல் முடியாது என்றாய். "அப்ப ஹாரன மட்டும் தனியா ஒயர் இழுத்து டேஷ்போர்டுல ஒரு சுவிட்சு வச்சு விடுறேன். ஏர்பேக்க அப்பிடிச் செய்ய முடியாது சார், அதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றார். "ஹாரன் அடிச்சாப் போதும்" என்றாய். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. வீட்டு வாசலில் காலிங் பெல்லுக்கு வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு வெள்ளைப் பொத்தான், டேஷ்போர்டில் இடது கைப்பக்கம். ஒரே சுருள், சேவியர். ஒரே கோளாறு. அதில் உனக்கு வேண்டியது ஒன்று, சவரிமுத்துவுக்கு வேண்டியது ஒன்று. உனக்கு வேண்டியதை மட்டும் ஒயர் இழுத்துத் தனியாக எடுத்துக்கொண்டாய்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "ஏலே, அந்த லைட்டு அப்பிடியே எரியுதே. மதுரைக்குப் போயிட்டு வந்துருவமா?" நீ போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது டிரைவருக்கு மட்டுந்தாம்மா. நமக்கு ஒண்ணும் ஆகாது" என்றாய். சவரிமுத்து முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாதபடி சொல்ல வேண்டும் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. மெதுவாகச் சொல்லியிருந்தால்கூட உனக்குள் எங்கோ உறுத்துகிறது என்று நினைத்திருப்பேன். சத்தமாக, சாதாரணமாக, ஜன்னலை ஏற்று என்பது போலச் சொன்னாய். அவரும் சாதாரணமாக வண்டியை ஓட்டினார். என் ஆயுளில் அவ்வளவு பயங்கரமான சாதாரணத்தை நான் கேஷுவால்டியில்கூடப் பார்த்ததில்லை.

விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று ஒரு வாரத்தில் அதன் மேல் மாதா ஸ்டிக்கர் ஒட்டினாய். கோயில் திருவிழாக் கடையில் விற்கும் சின்ன வட்ட ஸ்டிக்கர். சரியாக விளக்கின் மேல். ஆனால் ஸ்டிக்கர் மெல்லிசு, உள்ளே விளக்கு எரிய எரிய மாதாவின் நெஞ்சு சிவப்பாக ஒளிவிட்டது. உன் பெரியம்மா ஒரு நாள் காரில் ஏறியவள் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, "எம்புட்டு அம்சமா லைட்டு வச்சிருக்கான் பாரு என் பிள்ள" என்றாள். நீ மறுக்கவில்லை. சவரிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்து, "மாதாவுக்கு நெஞ்சு வலி சிஸ்டரம்மா, மாத்திரை எழுதிக் குடுங்க" என்றார். பெரியம்மாவுக்குப் புரியவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு நக்கல் அடித்தபடி அந்த சீட்டில் தினம் உட்கார்ந்தார், ஏனென்றால் அவருக்கு வேறு சீட்டு இல்லை.

அந்த நாளைச் சொல்கிறேன். கன்னிவாடியில் உன் மாமனார் வீட்டு ஞானஸ்நான விருந்து. பந்தி பந்தியாகச் சாப்பிட்டு முடிந்த பிறகு பின்பக்கம் சவரிமுத்துவுக்கு இலை போட்டார்கள். வெஞ்சனம் வைத்துக்கொண்டிருக்கும்போதே நீ கிளம்ப வேண்டும் என்று ஆள் அனுப்பினாய். பாதி இலையில் எழுந்து கை கழுவினார். சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கிவிட்டான் என்று மண்டியில் சொன்னாயாமே. மயங்குகிற அளவுக்கு நீ அவரைச் சாப்பிட விடவில்லை. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது அவர் ரோட்டைப் பார்த்தபடியே என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி புஷ்பத்துக்கு முழங்கால் வீக்கம். "வெந்நி ஒத்தடமா, ஐசு ஒத்தடமா சிஸ்டரம்மா?" என்று கேட்டார். வீக்கம் புதுசா பழசா என்று நான் கேட்டேன். "ரெண்டு நாளா" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, வண்டிப்பாதையிலிருந்து பால்காரர் மொபெட்டை ரோட்டில் ஏற்றினார். நீ போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "ஹாரன் அடிய்யா! ஹாரன்! ஹாரன்!" என்று கத்தினாய். ஹாரன் ஸ்டியரிங்கில் இருந்திருந்தால் இரண்டு கையாலும் திருப்பிக்கொண்டே அடித்திருக்கலாம். அவர் இடது கையை எடுத்து அந்த வெள்ளைப் பொத்தானை அழுத்தினார். நீ சொன்னதைச் செய்தார். ஒற்றைக் கையால் திருப்பியதில் கார் இடதுபக்கம் அதிகமாக ஒடிந்து, பஞ்சராகி நின்றிருந்த லாரியின் பின்மூலையில் போய் மோதியது. பால்காரருக்கு ஒரு கீறல் இல்லை. உனக்கு முழங்காலில் சிராய்ப்பு, எனக்குத் தோள் கன்றிப்போனது.

சவரிமுத்து பெல்ட் போட்டிருந்தார், அதனால்தான் உயிர் இருக்கிறது. மீதியை ஸ்டியரிங் செய்தது. காரின் முன்பக்கம் நொறுங்கி ஸ்டியரிங்கை அவர் மேல் நெருக்கியிருந்தது. நான் கதவைத் திறந்து இறங்கி அவர் சட்டையை விலக்கினேன். நீயும் என் பின்னால் நின்று பார்த்தாய். அந்த வளைவு உனக்குத் தெரியும். நீ முன்பே பார்த்திருக்கிறாய். பை விரிந்திருந்தால் அவருக்கு எதுவுமே ஆகியிருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், அப்படிச் சொல்கிற படிப்பு எனக்கில்லை. விரியாது என்று தெரிந்துகொண்டே ஒரு மனிதரை அதன் முன்னால் தினமும் உட்கார வைத்தாய் என்பதற்கு மட்டும் எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன்.

தூக்கம் எப்போது பிறந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய தம்பி உன்னிடம் வந்தார். அடிக்கவில்லை, வையவில்லை. "அம்புட்டுப் பெருமையா பலூன் பலூன்னு கோயில் வாசல்ல காட்டுனீங்களே, அது எங்க போச்சுண்ணே?" என்று மட்டும் கேட்டார். நீ, "உங்கண்ணன் தூங்கிட்டான்யா. பிரேக்கே அடிக்கல" என்றாய். அவர் கேட்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று. ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் கேட்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. ஒரு பொய் இவ்வளவு நன்றாக வேலை செய்ததும் நீ அதை விடவில்லை. மண்டியில் சொன்னாய், டீக்கடையில் சொன்னாய், கார் ஸ்டாண்டில் சொன்னாய்.

இப்போது நிலைமை இதுதான். மாதங்கள் போய்விட்டன, எலும்பு கூடிவிட்டது. மூட்டை தூக்க முடியாது, லாரி ஓட்ட முடியாது, சின்ன வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாகல் நகரில் பள்ளிக்கூட வேன் வைத்திருப்பவர் ஒருவருக்கு டிரைவர் வேண்டும். நானே அவரிடம் போனேன். காருக்குள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மரியாதையாக உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். பிறகு, "சிஸ்டரம்மா, நீங்க சொன்னா நான் நம்புறேன். பிள்ளைகளப் பெத்தவங்க நம்பணும்ல? தூங்கி விழுற டிரைவர்னு ஒட்டன்சத்திரம் வரைக்கும் பேரு ஆயிப்போச்சு. கார்க்கார மொதலாளி ஒரு வார்த்த சொல்லட்டும், சாவிய அன்னைக்கே கையில குடுக்குறேன்" என்றார். நானும் அதே காரில் இருந்தவள்தான் என்றேன். "நீங்க பொம்பளயாளு, வயசானவங்க, பதட்டத்துல பாத்துருப்பீங்கம்பாங்க" என்றார். வாழ்நாள் முழுக்க அடிபட்டவர்களுக்கு நடுவில் பதட்டப்படாமல் நின்றவள் நான். உன் ஒரு வார்த்தைக்கு இருக்கிற எடை என் மொத்தச் சொல்லுக்கும் இல்லை. நீ ஆம்பிளை, முதலாளி, கார்க்காரன். அவ்வளவுதான் இங்கே உண்மையின் உத்தரவாதம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அதுவரை வேறு ஆளைப் போடாமல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இதையாவது தாங்கிக்கொள்ளலாம். போன வாரம் காலனியில் சவரிமுத்துவைப் பார்க்கப் போனபோது அவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வழக்கமான நக்கல் இல்லை. "சிஸ்டரம்மா, ஒண்ணு கேக்கவா? நான் ஒருவேள செத்த நேரம் கண்ணசந்துட்டனோ?" என்றார். என்னுடன் ஒத்தடம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்களே என்றேன். "பேசுனேன்தான். ஆனா மொதலாளி பின்னாலருந்து பாத்துருப்பாருல்ல. அவரு எதுக்கு இல்லாததச் சொல்லப்போறாரு?" என்றார். புஷ்பம் அடுப்படியிலிருந்து, "இம்புட்டு வருசமா அவரு சொன்னதுக்கெல்லாம் ஆமாம் ஆமாம்னு சொல்லியே பழகிருச்சு இந்த மனுசனுக்கு. இப்ப தூங்குனதுக்கும் ஆமாங்கிறாரு" என்று கத்தினாள். அவர் மறுக்கவில்லை. அந்தச் சில நொடிகளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறாராம், தூங்கியது மாதிரியே தெரிய ஆரம்பித்துவிட்டதாம். எலும்பை உடைத்தாய், அது ஒட்டிக்கொண்டது. தன் கண் திறந்திருந்ததைத் தானே நம்ப முடியாதபடி ஒரு மனிதரை ஆக்கி வைத்திருக்கிறாயே, அதை எந்த டாக்டரிடம் நான் கொண்டு போவேன்?

புதுக் காரைப் பற்றி ஒரு புத்திமதி சொல்லலாம் என்று நினைத்தேன். பெற்றவர்கள் சொல்வார்கள் இல்லையா? சாவியைத் திருப்பினால் அந்த விளக்கு எரிகிறதா, பிறகு அணைகிறதா என்று தினமும் பார். எரியவே இல்லை என்றாலும் அது கோளாறுதான். ஆனால் இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததே உன்னிடமிருந்துதான். தெரியாதவனுக்குச் சொல்லலாம், தெரிந்தவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உன்னைப் படிக்க வைத்தால் போதும், கோயிலுக்குக் கூட்டிப்போனால் போதும் என்று இருந்தேன். படித்தாய், மண்டியிட்டாய், இரண்டும் உன்னை ஒன்றும் செய்யவில்லை. உன்னைப் போல ஒழுங்காகப் பூசைக்கு வருகிற, யாரையும் கை நீட்டி அடிக்காத, பெண்டாட்டி பிள்ளையை நன்றாக வைத்திருக்கிற ஆட்கள் இந்த ஊரில் தெருவுக்குப் பத்து பேர். அதனால்தான் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நீ கெட்டவனாக இருந்திருந்தால் என் வளர்ப்பில் ஏதோ தவறு என்று ஆறுதலாவது பட்டிருப்பேன்.

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டதாக உன் மனைவி சொன்னாள். செய்திருப்பாய். அந்தக் கூண்டுக்குள் முணுமுணுத்தது சாமியாருக்கும் கடவுளுக்கும் கேட்டிருக்கும். வேன்காரருக்குக் கேட்கவில்லை. சவரிமுத்துவுக்குக் கேட்கவில்லை. பொய்யை எங்கெல்லாம் நின்று சொன்னாயோ அங்கெல்லாம் நின்று உண்மையைச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்து அனுப்பாதே. கணக்குப்பிள்ளையை அனுப்பாதே. நீ வா. 'சவரிமுத்து முழித்துக்கொண்டுதான் ஓட்டினார், நான் கத்தியதால்தான் கையை எடுத்தார், பை வேலை செய்யாது என்று எனக்கு முன்பே தெரியும்.' இவ்வளவுதான். ஏலம் விடுகிற குரலில் சொன்னால் ஒரு மூச்சுக்கு ஆகாது.

நேற்று பக்கத்து வீட்டுப் போனில் உன்னைக் கூப்பிட்டேன். என் குரல் என்று தெரியாமல் எடுத்துவிட்டாய். எப்போது வந்து சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். "அம்மா, சாப்டியா?" என்றாய்.

சாப்பிட்டேன். சனிக்கிழமை காலையில் மண்டியில் எல்லோரும் இருப்பார்கள். வேன்காரரையும் சவரிமுத்துவையும் நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். எத்தனை மணிக்கு வருகிறாய், சொல்.